'வேண்டாம்' என்று ஓட்டுப்போட்ட ஊரில் வீடு பார்க்கலாமா?

புதிதாகப் படிப்பவர்களுக்காக முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெல்பர்னில் இருக்கும் இரண்டு தமிழ்ப் பெண்கள், ஒருவரையொருவர் திருமணம் செய்துகொண்டவர்கள். ஒருவருக்கு வெஸ்ட்மீட் பக்கம் வேலை கிடைத்ததால் சிட்னிக்கு மாறுகிறார்கள். மேற்கு சிட்னியின் வென்ட்வொர்த்வில்லில் வீடு எடுத்தால் வேலை கிட்ட, தமிழ்க் கடைகள் கிட்ட, சித்தி வீடும் கிட்ட. ஆனால் ஒரே பாலினத் திருமணம் பற்றிய 2017 கருத்துக்கணிப்பில் அந்தப் பக்கம் 'வேண்டாம்' என்று ஓட்டுப்போட்ட பக்கம், பேசாமல் வாடகை கூடக் கொடுத்து நகர மையத்துக்குப் பக்கத்திலுள்ள நியூட்டவுனிலேயே இருந்துவிடுங்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்களாம். "சட்டம்தான் நாடு முழுக்க ஒன்று, அத்தனை வருடத்துக்கு முந்தைய ஓட்டு எங்கள் அன்றாட வாழ்க்கையை என்ன செய்துவிடும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணமும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்.

நான் மேற்கு சிட்னியில் பல வருடமாகச் சமூகநல வேலை பார்ப்பவன். அந்த ஓட்டு நடந்த மாதங்களில் இங்கேதான் இருந்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த எண்களைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் உங்கள் நண்பர்கள் அரைகுறையாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே பாலின இணையர் திருமணம் செய்துகொள்ளச் சட்டத்தை மாற்றலாமா என்று 2017 செப்டம்பரில் நாட்டின் ஒவ்வொரு வாக்காளருக்கும் தபாலில் ஒரு படிவம் வந்தது. நவம்பர் 15ஆம் தேதி முடிவு. 79.5 சதவீதம் பேர் பதில் அனுப்பியிருந்தார்கள். 61.6 சதவீதம் 'ஆம்', 38.4 சதவீதம் 'இல்லை'. 150 தொகுதிகளில் 133 'ஆம்' என்றன. 'இல்லை' என்ற 17இல் 12 நியூ சவுத் வேல்ஸில், அதுவும் பெரும்பாலும் மேற்கு சிட்னியில். பிளாக்ஸ்லாண்ட் தொகுதியில் 73.9 சதவீதம் 'இல்லை', வாட்சனில் 69.6. இரண்டுமே நகர மையத்திலிருந்து ரயிலில் போய்வரும் தூரம்தான். அங்கே மையத்தில் இருக்கும் சிட்னி தொகுதியிலோ 83.7 சதவீதம் 'ஆம்'.

நீங்கள் வீடு பார்க்கும் பகுதி அப்போது பரமட்டா, கிரீன்வே தொகுதிகளுக்குள் வந்தது. கிரீன்வேயில் 53.6 சதவீதம் 'இல்லை'. பரமட்டா கணக்கு இன்னும் விசித்திரம்: 38.4 சதவீதம் 'ஆம்', 61.6 சதவீதம் 'இல்லை'. நாட்டின் முடிவை அப்படியே திருப்பிப் போட்ட மாதிரி, தசம புள்ளி வரை. அன்றைக்கு டிவியில் நாடே கொண்டாடுவதைப் பார்த்தவர்கள், சாயங்காலம் இணையத்தில் தங்கள் தொகுதியைத் தேடிப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்த ஓர் இணையர் பரமட்டாவில் ஒரு யூனிட்டில் இருந்தார்கள். மத்தியானம் கேக் வாங்கி வைத்திருந்தார்கள். ராத்திரி லிஃப்டில் ஏறும்போது, கூட நிற்கும் ஐந்து பேரில் மூன்று பேர் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டதாகச் சொன்னார் அவர்களில் ஒருவர். அடுத்த வாரமும் அதே லிஃப்ட், அதே கணக்கு.

இதுதான் விஷயத்தின் மையம் என்று நினைக்கிறேன். அதற்கு முன்பும் அக்கம்பக்கத்தில் பிடிக்காதவர்கள் இருக்கத்தான் செய்தார்கள், ஆனால் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது. தெரியாத வரைக்கும் எதிர்வீட்டு ஆன்ட்டி சிரித்தால் அது சிரிப்பு. அரசாங்கமே எண்ணி, தொகுதிவாரியாக வெளியிட்ட பிறகு அந்தச் சிரிப்புக்கு உள்ளே என்ன என்று யோசிக்க ஆரம்பித்துவிடுகிறோம். எட்டு கோடி டாலர் செலவழித்து அந்தக் கருத்துக்கணிப்பு செய்த காரியங்களில் இதுவும் ஒன்று. நாடாளுமன்றம் தானாகவே ஓர் ஓட்டெடுப்பில் முடித்திருக்க வேண்டிய வேலை அது என்பது என் கருத்து. கடைசியில் டிசம்பர் 7ஆம் தேதி முடித்ததும் நாடாளுமன்றம்தான். பிரதிநிதிகள் சபையில் எதிர்த்து ஓட்டுப்போட்டவர்கள் மொத்தம் நான்கே பேர்.

சரி, இது வெறும் மன பிரமையா, நிஜமாகவே பாதிக்கிறதா?

குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிரான்சிஸ்கோ பெராலஸ், ஏப்ரம் டாட் என்ற இருவர் இதை ஆராய்ந்து 2018இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் ஆயிரக்கணக்கான குடும்பங்களை 2001 முதல் வருடாவருடம் நேர்காணும் ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. அதிலிருந்து எடுத்த தகவலோடு தொகுதிவாரி ஓட்டைப் பொருத்திப் பார்த்தார்கள். 'இல்லை' கூடுதலாக விழுந்த தொகுதிகளில் தன்பாலின, இருபால் ஈர்ப்பு உள்ளவர்களுக்கும் மற்றவர்களுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி பெரிதாக இருந்தது, வாழ்க்கைத் திருப்தியிலும் சரி, மனநலத்திலும் பொதுவான உடல்நலத்திலும் சரி. வருமானம், படிப்பு போன்றவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும் அப்படித்தான்.

இதைப் படித்ததும் ஒரு சந்தேகம் வரும், வர வேண்டும். வசதியும் தெம்பும் உள்ளவர்கள் நியூட்டவுன், சர்ரி ஹில்ஸ் போன்ற மையப் பகுதிகளுக்குக் குடிபோய்விடுவார்கள், முடியாதவர்கள் மேற்கில் தங்கிவிடுவார்கள், அப்போது இடைவெளி வரத்தானே செய்யும்? இந்தக் கேள்விக்கு நல்ல பதில் அமெரிக்காவிலிருந்து கிடைக்கிறது. 2004, 2005 தேர்தல்களில் பல மாநிலங்கள் ஒரே பாலினத் திருமணத்தைத் தடுக்கத் தங்கள் அரசியல் சட்டத்தையே திருத்தின. மார்க் ஹாட்ஸன்பூலர் என்ற ஆய்வாளருக்கு ஒரு வாய்ப்பு அமைந்தது: தடைக்கு முன்பும் பின்பும் அதே ஆட்களிடம் எடுத்த பேட்டிகள் ஒரு தேசிய ஆய்வில் இருந்தன. தடை போட்ட மாநிலங்களில் தன்பாலின, இருபால் ஈர்ப்பு உள்ளவர்களிடையே மனச்சோர்வு வகைக் கோளாறுகள் 36.6 சதவீதம் கூடின. பொதுவான பதற்றக் கோளாறு மூன்று மடங்குக்கு மேல் ஆனது. தடை போடாத மாநிலங்களில் இப்படி ஏறவில்லை. ஒன்றைக் கவனியுங்கள். அந்த மாநிலங்களில் பெரும்பாலானவற்றில் தடைக்கு முன்பும் திருமணம் செய்ய முடியாது. ஆக, கையில் இருந்த எதையும் அந்த ஓட்டு பறிக்கவில்லை. ஊர் கூடி இவர்களைப் பற்றி வாக்கெடுத்ததே போதுமானதாக இருந்தது.

அந்தப் பாதிப்பு எந்த வழியாக உள்ளே வருகிறது என்பது எண்ணில் தெரியாது, பழக்கவழக்கத்தில் தெரியும். நியூட்டவுனில் கைகோர்த்து நடக்கும் இணையர், மேற்கே வரும் ரயில் ஸ்ட்ராத்ஃபீல்ட் தாண்டியதும் கையை எடுத்துக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன். யாரும் எதுவும் சொல்லவில்லை, யாரும் முறைக்கவும் இல்லை. அவர்களே ஒரு கோடு வைத்திருக்கிறார்கள். வீட்டு ஏஜென்ட் "நீங்க ரெண்டு பேரும் சகோதரிகளா?" என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி யோசிப்பது, பிளம்பர் வருகிறார் என்றால் படுக்கையறைக் கதவைச் சாத்திவைப்பது, அலுவலகத்தில் "வீக்கெண்ட் என்ன செய்தீர்கள்" என்றால் 'நாங்கள்' என்பதை 'நான்' ஆக்குவது. ஒவ்வொன்றும் சின்ன விஷயம். நாள் முழுக்கச் செய்தால் களைப்பு. தங்களுக்கு இந்த ஊரில் இடமில்லை என்று யாரும் சொல்லாமலே, அந்த எண்ணத்தோடு வாழ்வது இப்படித்தான். பெரும்பாலும் தம்பதியில் ஒருவர் அதிக ஜாக்கிரதையாகவும் மற்றவர் 'அட விடு' என்றும் இருப்பார்கள். வெளியே இருக்கிற அரசியல் அப்புறம் வீட்டுக்குள் சண்டையாக வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆலோசனைக்கு வருகிறவர்கள் இதைத்தான் அதிகம் சொல்வார்கள்.

இனி ஒரு விஷயம் வெளியாட்களுக்குப் புரிவதில்லை. மேற்கு சிட்னி வலதுசாரி ஊர் கிடையாது. 'இல்லை' அதிகம் விழுந்த தொகுதிகளில் பல, காலங்காலமாக லேபர் கட்சியைத் தேர்ந்தெடுப்பவை. பிளாக்ஸ்லாண்டும் வாட்சனும் பரமட்டாவும் அப்போது லேபர் கையில்தான் இருந்தன. அந்தக் கட்சி உறுப்பினர்கள் தங்கள் தொகுதி எதிர்த்தும் சட்டத்தை ஆதரித்தார்கள். எதிர்ப்பு வந்த வழி வேறு: வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறிய, மத ஈடுபாடு கூடுதலான குடும்பங்கள். பள்ளிவாசல், லெபனான்காரர்களின் மாரோனைட் தேவாலயம், எகிப்துக்காரர்களின் காப்டிக் தேவாலயம், கோவில் எல்லாம் அடுத்தடுத்த தெருவில் இருக்கும் பகுதி இது. எதிர்ப்பு இயக்கம் அரபியிலும் சீனத்திலும் அவர்கள் வீட்டு வாசலுக்கே போனது. ஆதரவு இயக்கம் பெரும்பாலும் ஆங்கிலத்தில், மைய நகரத்து முகங்களோடு நின்றுவிட்டது. ஆகவே எந்தக் கட்சி ஜெயித்தது என்பதை வைத்து உள்ளூர் அரசியல் சூழலைக் கணிக்காதீர்கள். உங்களைப் பற்றிய பேச்சு வரும்போது உள்ளூரில் மைக் பிடிப்பவர் யார், அவரை மறுத்துப் பேச யாராவது எழுந்து நிற்கிறார்களா என்று பாருங்கள்.

இதற்கு உங்கள் கவுன்சிலே நல்ல உதாரணம். வென்ட்வொர்த்வில், மெரிலாண்ட்ஸ், பெண்டில் ஹில் எல்லாம் பெரும்பாலும் கம்பர்லாண்ட் நகர கவுன்சிலுக்குள் வரும். 2024 மே மாதத் தொடக்கத்தில், முன்னாள் மேயர் ஒருவர் கொண்டுவந்த தீர்மானத்தை ஏற்று, ஒரே பாலினப் பெற்றோர் பற்றிய நூல்களைக் கவுன்சில் நூலகங்களிலிருந்து அகற்ற அந்தக் கவுன்சில் ஓட்டுப்போட்டது. 6க்கு 5. இரண்டு அம்மாக்கள், இரண்டு அப்பாக்கள் உள்ள குடும்பங்கள் பற்றிய ஒரு சிறுவர் புத்தகத்திலிருந்து கிளம்பிய விவகாரம். இந்தப் பகுதி மத நம்பிக்கையுள்ள, குடும்ப விழுமியங்கள் உள்ள பகுதி என்பது வாதம். நூலக நிதியே கேள்விக்குள்ளாகும் என்று மாநில அரசு எச்சரித்தது. ஆயிரக்கணக்கானோர் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு வாரத்தில் மறுபடி கூட்டம், வெளியே இரண்டு தரப்பும் கோஷம் போட, நடுவே போலீஸ். அன்று ராத்திரி பெருவாரியான ஓட்டில் தடை ரத்தாகி, புத்தகங்கள் திரும்பின.

உங்களைப் போல் குழந்தை பெறும் எண்ணத்தில் இருப்பவர்களுக்கு அந்த இரண்டு வாரம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இந்த மாநிலத்தில் 2008 முதல் குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் இரண்டு அம்மாக்களின் பெயரும் வரலாம். அரசுப் பதிவேட்டில் குடும்பம். தெருமுனை நூலகத்தில் மட்டும் அந்தக் குடும்பத்தின் படம் குழந்தைகள் பார்க்கக் கூடாத ஒன்று. அந்த நாட்களில் எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் யாரும் புத்தகத்தைப் பற்றிப் பேசவில்லை. எந்தப் பள்ளி, எந்த டாக்டர், பூங்காவில் எந்த அம்மாக்கள் கூட்டம் என்றுதான் கேட்டார்கள். அதே சமயம், தடை ரத்தான அன்று கவுன்சில் வாசலில் ஆதரவாக நின்றவர்களில் உள்ளூர்க்காரர்களும் கணிசமாக இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பரமட்டாவில் 38.4 சதவீதம் என்றால் பத்தில் நான்கு பேர். தோற்ற எண்ணிக்கை என்பதால் அவர்கள் கண்ணில் படுவதில்லை.

நம் ஆட்களைப் பற்றி. அந்தக் கருத்துக்கணிப்பு இனவாரியாக எண்ணப்படவில்லை, ஆகவே 'தமிழர்கள் இப்படிப் போட்டார்கள்' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஆனால் ஒன்று நினைவில் இருக்கட்டும். 2017இல் இங்கே படிவத்தைப் பிரித்துப் பார்த்த நம் பெற்றோர் தலைமுறைக்கு அதற்குமுன் தெரிந்த சட்டம் எது? இந்தியாவில், ஒரே பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு. அதன் பிடியை உச்ச நீதிமன்றம் தளர்த்தியது 2018 செப்டம்பரில், அதாவது இங்கே சட்டம் வந்து ஒன்பது மாதம் கழித்து. இலங்கையில் அதே மாதிரியான 365, 365ஏ பிரிவுகள் பிரிட்டிஷ் காலத்திலிருந்தே ஏட்டில் இருந்தன. பிறந்த ஊரில் குற்றம், பிழைக்க வந்த ஊரில் திருமணம். அந்தத் தூரத்தை மனிதர்கள் ஒரு தபால் உறை கடப்பதற்குள் கடந்துவிட மாட்டார்கள். சில வீடுகளில் அந்தப் படிவம் சாப்பாட்டு மேசையில் வாரக்கணக்கில் கிடந்தது. அதை வைத்தே பிள்ளைகள் முதல்முறையாக வாயைத் திறந்தார்கள். ஒரு வீட்டில் அப்பா, பெண் சொன்னதைக் கேட்டுவிட்டு எதுவும் பேசாமல் 'ஆம்' கட்டத்தில் கோடு போட்டு, அவள் கையிலேயே உறையைக் கொடுத்துத் தபால்பெட்டியில் போடச் சொன்னார். இன்னொரு வீட்டில் அதே படிவத்தோடு பேச்சுவார்த்தை நின்றது, இன்றுவரை.

ஆகவே வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். நியூட்டவுனில் இருந்தால் தெருவில் நிம்மதி, ஆனால் இட்லி மாவுக்கும் சித்திக்கும் ரயில் ஏற வேண்டும். அதோடு அங்கே சில இடங்களில் நீங்கள் பழுப்பு நிறத்தவர் என்பதுதான் முதலில் கண்ணில் படும். அந்தத் தனிமையையும் நிறையப் பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வென்ட்வொர்த்வில்லில் மொழியும் சாப்பாடும் உறவும் கையெட்டும் தூரத்தில், ஆனால் உறவு கையெட்டும் தூரத்தில் இருப்பதே சிலருக்குச் சிக்கல். உங்கள் சித்திக்கு உங்கள் திருமணம் தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. தொகுதியின் 61.6 சதவீதத்தைவிட எனக்கு அந்த ஒரு தகவல் முக்கியம். சுற்றி இருப்பவர்களில் நான்கைந்து பேர் உறுதியாகப் பக்கம் நின்றால் ஊர் அரசியலின் குளிர் அவ்வளவாக உள்ளே வராது என்பது நான் பார்த்த வரையில் உண்மை.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, அதில் தயக்கம் வேண்டாம். நீங்கள் ஒரே பாலின இணையர் என்பதற்காக வாடகை வீடு மறுக்க முடியாது, மாநிலச் சட்டத்திலும் தடை, மத்திய சட்டத்திலும் தடை. யாராவது உறவினர் உங்களை 'மாற்ற' பூஜை, ஆலோசனை என்று கிளம்பினால், அப்படிப்பட்ட மாற்று முயற்சிகளைத் தடுக்கும் சட்டம் 2025 ஏப்ரலிலிருந்து இந்த மாநிலத்தில் அமலில் இருக்கிறது. சட்டத்தில் இடைவெளி இருப்பது பள்ளி விஷயத்தில்: மதம் சார்ந்த தனியார் பள்ளிகளுக்குப் பாகுபாட்டுச் சட்டத்தில் விலக்குகள் உண்டு. குழந்தை வந்த பிறகு பள்ளி பார்க்கும்போது இதை நேராகவே கேட்டுவிடுங்கள். அரசுப் பள்ளிக்கு அந்த விலக்கு கிடையாது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். ஆறு மாத ஒப்பந்தத்தில் வெஸ்ட்மீட், பரமட்டா பக்கம் ஒரு யூனிட் எடுப்பேன். அங்கே பல ஊர்க்காரர்கள், இளம் குடும்பங்கள், அடுத்த வீட்டில் யார் என்று கவனிக்க நேரமில்லாதவர்கள். வென்ட்வொர்த்வில் கடைத்தெரு நடக்கும் தூரம், அல்லது ஒன்றிரண்டு ஸ்டேஷன். கம்பர்லாண்ட் கவுன்சில் கூட்டங்களின் பதிவு இணையத்தில் இருக்கும், ஒன்றிரண்டை ஓடவிட்டுக் கேட்பேன். வென்ட்வொர்த்வில் பக்கத்து வார்டு உறுப்பினர் 2024இல் எந்தப் பக்கம் ஓட்டுப்போட்டார் என்பது பதிவில் இருக்கிறது. அப்போதிருந்த கவுன்சிலுக்கு அதே வருடம் செப்டம்பரில் தேர்தல் நடந்துவிட்டதால், இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை காலையில் நூலகத்துக்குப் போய்ச் சிறுவர் பகுதியில் ஒரு நடை நடந்து வாருங்கள். தெற்காசியத் தன்பாலினத்தவர் குழுக்கள் சிட்னியில் இருக்கின்றன, தன்பாலினத்தவரின் பெருவிழாவான மார்டி கிரா ஊர்வலத்தில் வேட்டி, புடவையோடு நடப்பவர்கள். அவர்களில் மேற்கிலேயே வீடு வைத்திருப்பவர்கள் நிறைய. எந்த டாக்டர், எந்தக் குழந்தைகள் காப்பகம் என்பதையெல்லாம் என்னைவிட அவர்கள் துல்லியமாகச் சொல்வார்கள்.

சித்தியிடம் சாமான் ஏற்றும் லாரி வருவதற்கு முன்பே பேசிவிடுங்கள், அதுவும் போனில் வேண்டாம், நேரில் போய். அவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்று தெரிந்த பிறகு, வென்ட்வொர்த்வில்லா வெஸ்ட்மீடா என்பதை நீங்களே முடிவு செய்துவிடுவீர்கள். வாடகை நிலவரமோ வேறு ஏதாவதோ கேட்க வேண்டுமென்றால் இங்கேயே எழுதுங்கள்.